ஹொன்னேகட்டேக்கு ஒரு கூடை

என் அண்ணா சீனிவாசராகவனுக்கு இரண்டு குடும்பம் என்று உறவுக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஒன்று, மல்லேஸ்வரத்து வீட்டில் இருந்த மன்னி ஜெயலக்ஷ்மி. மற்றது, ஆனேக்கலைத் தாண்டி ஹொன்னேகட்டே என்ற கிராமத்தில் ஓடைக்குக் குறுக்கே நிற்கிற ஒரு கற்சுவர். இந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவளே மன்னிதான். சனிக்கிழமை காலையில் யார் போன் செய்து அண்ணாவைக் கேட்டாலும், சின்ன வீட்டுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வருவார் என்பாள். விஷயம் தெரியாதவர்கள் மேற்கொண்டு கேட்காமல் போனை வைத்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பம் சமஸ்தானத்துக் காலத்திலேயே உத்தியோகத்துக்காகப் பெங்களூர் வந்து ஊன்றியது. தாத்தாவுக்குத் தாலுகா கச்சேரி, அப்பாவுக்கு கஜானா, அண்ணா பாசன எஞ்சினியர். நான் மட்டும் பாங்க் பக்கம் போனேன். அண்ணாவுக்கு வேலையில் சேர்ந்ததும் கொடுத்த முதல் காரியமே ஹொன்னேகட்டேயின் மதகைப் பழுது பார்ப்பதுதான். காரியம் ஒரு கோடையில் முடிந்தது. அண்ணாவுக்கும் அந்தச் சுவருக்கும் ஏற்பட்ட சம்பந்தம் முடியவில்லை. ரிடையர் ஆன பிறகு அது முற்றிப் போயிற்று. லிங்கராஜபுரத்தில் டிராவல்ஸ் நடத்தும் க்ளென், டிரைவர்களை அனுப்பாமல் தானே காரை எடுத்துக்கொண்டு வருவான். அண்ணா டிபன் பாக்ஸும் தொப்பியும் அளவு டேப்புமாக ஏறி உட்காருவார்.

கன்னடத்தில் கட்டே என்றால் அணை. பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு காம்பவுண்டு சுவர். நடுவில் கல் கட்டிடம், இரண்டு பக்கமும் மண் கரை, ஒரு மதகு, தண்ணீர் மிஞ்சினால் வழிய ஒரு கலிங்கு, அவ்வளவுதான். தாது வருஷப் பஞ்சத்தில், ஜனங்கள் வழியோரம் விழுந்து செத்த காலத்தில், கஞ்சிக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டியது. சிமெண்டு என்ற பேச்சே கிடையாது, சுண்ணாம்பும் செங்கல் பொடியும்தான். இன்றைக்கும் அதன் கீழே ராகியும் நெல்லும் விளைகின்றன. பெங்களூரில் நாங்கள் பார்க்கக் கட்டிய பாலங்கள் எத்தனையோ விரிசல் விட்டாயிற்று.

ஆனால் அண்ணா சுவரைப் பற்றிப் பேசியதைவிடக் கூடையைப் பற்றிப் பேசியதே அதிகம். பஞ்சத்தில் கஞ்சி ஆளுக்கு இல்லையாம், கூடைக்காம். ஒரு வீட்டில் இத்தனை பேர் என்றால் இத்தனை கூடை மண் கரைக்கு வந்தாக வேண்டும். கரைமேல் நிற்கும் மேஸ்திரி ஒவ்வொரு கூடைக்கும் யார் கூடை என்று கேட்பான். சுமந்து வந்தவர் பேரைச் சொல்ல வேண்டும். சுமக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தவர்கள் உண்டு. அப்போது அந்த வீட்டுக்காரர் ஒருவர் செத்தவரின் கூடையையும் சுமந்துகொண்டு போய், செத்தவரின் பேரையே சொல்வாராம். மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தும், வந்தது என்று சொல்லிக் கணக்கில் சேர்த்துக்கொள்வானாம். அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கஞ்சி குறையாது.

பஞ்சம் போயிற்று, வெள்ளைக்காரன் போனான், சமஸ்தானமும் போயிற்று. ஹொன்னேகட்டேக்காரர்கள் மட்டும் இதை விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அணை வற்றி வண்டல் எடுக்கும்போது, அந்த வருஷம் ஊரில் செத்துப் போனவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை உண்டு. வீட்டார் சுமந்து கரையேற வேண்டும். மேலே நிற்பவர் கேட்பார், பேரைச் சொல்ல வேண்டும், பிறகு மண்ணைச் சொந்த வயலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

"கல்லு எங்கே வேணா கிடைக்கும்டா வரதா. இந்தக் கேள்வி எங்கே கிடைக்கும்?" என்பார் அண்ணா.

நானும் ரசத்தில் கையை வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். மன்னிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கூடைக் கதை ஆரம்பித்தால் மோர் எடுத்துவர உள்ளே போய்விடுவாள். கதை முடிந்தது தெரிந்துதான் மோர் வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் மேலிடத்தில் யாரோ ஒரு புத்திசாலி, பழைய சுவரின் மேல் கான்கிரீட் போர்த்திவிடலாம் என்று யோசனை சொன்னார். அண்ணாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மனு எழுதினார், கூட்டங்களில் சண்டை போட்டார், காலேஜ் பிள்ளைகளை வண்டி வண்டியாகக் கூட்டிப் போய்க் காட்டினார். கல்லைக் காட்டிவிட்டுக் கூடையைப் பற்றியும் சொல்லித்தான் அனுப்புவார். கடைசியில் அது பாதுகாக்க வேண்டிய பாரம்பரியச் சின்னம் என்று எழுதிக் கல் நட்டார்கள். அன்றைக்கு அண்ணா பட்டுவேஷ்டி கட்டிக்கொண்டு போனார். மன்னி அன்றைக்கும் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். வலி உண்மைதான், ஆனால் முழங்கால் வலிக்கு முந்தைய வருஷங்களிலும் அவள் போனதில்லை. ஒரு தடவை வந்து பாரேன் ஜெயா என்று அவர் கூப்பிடாத சனிக்கிழமை இல்லை. சுவத்தைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா, இங்கேயே நாலு சுவர் இருக்கே என்பாள். அண்ணா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொள்வார்.

பேர் வந்தால் கூடவே பீடையும் வருமே. கல் நட்ட பிறகு நகரத்திலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பிளாஸ்டர் பிள்ளையார்களைக் கரைத்தார்கள். செத்தவர்களின் அஸ்தியைக் கரைத்தார்கள். அஸ்தியோடு போட்டோ, துணி, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் சேர்த்து விட்டார்கள். மதகு அடைத்துக்கொண்டு கீழ்வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. அண்ணா ஊராரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசி, இனிமேல் தண்ணீரில் பிள்ளையாரும் கிடையாது, அஸ்தியும் கிடையாது, யாருடையதாக இருந்தாலும் கிடையாது என்று முடிவு செய்து போர்டு வைத்தார். வீட்டுக்கு வந்து அதையும் எங்களுக்கு விஸ்தாரமாகச் சொன்னார். மன்னி மோர் எடுத்துவரப் போனாள்.

போன சித்திரையில் அண்ணா போய்விட்டார். சனிக்கிழமை ஹொன்னேகட்டேயிலிருந்து திரும்பி, நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு விடிகாலையில் மார்வலி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேஷண்ட் பேர் என்ன என்று கன்னடத்தில் கேட்டாள். மன்னி என்னைப் பார்த்தாள். நான் அட்மிஷன் கவுண்டரில் அல்லாடிக்கொண்டிருந்தேன். மன்னி ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையர் ஆனவள், பள்ளிக்கூடத்தில் அவள் குரல் கேட்டால் கூரையில் புறா கூட உட்காராது. ஆனால் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. பாங்கில் கேட்டால் எழுதிக் காட்டுவாள். அன்றைக்கு அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது, பையிலிருந்து அவருடைய ஆதார் கார்டைத் தேடி எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அவசரத்திலும் சொல்லவில்லையே என்று இருந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கொள்ளி நான்தான் வைத்தேன். மறுநாள் அஸ்தியைக் கலயத்தில் வாங்கிவந்து, சடங்கு செய்துவைத்த வாத்தியார் சொன்னபடி பத்து நாளைக்குள் பச்சிமவாஹினிக்குப் போய்க் காவேரியில் விடுவதென்று ஏற்பாடு. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அங்கேதான் போயிருக்கிறார்கள். அப்போதுதான் மன்னி வாயைத் திறந்தாள். பச்சிமவாஹினி வேண்டாம், ஹொன்னேகட்டேயில்தான் விட வேண்டும், தானே கொண்டுபோக வேண்டும் என்றாள்.

கூடத்தில் இருந்த சொந்தங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. பத்து நாளைக்குள் அவள் வாசல் தாண்டுவதா என்று ஒருவர். காவேரி எங்கே, குட்டை எங்கே என்று இன்னொருவர். அந்தக் குட்டை என்ற வார்த்தையில்தான் எனக்கு ரோஷம் வந்தது. அண்ணா உயிரோடு இருந்தபோது நானே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லலாம், இவர்கள் யார் சொல்ல? இருந்தாலும் மன்னியைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே போர்டு இருக்கிறது, அது அண்ணாவே வைத்த போர்டு என்று ஞாபகப்படுத்தினேன்.

"அது வெளியூர்க்காராளுக்கு. அவர் வெளியூரா?" என்றாள் மன்னி. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நாப்பது வருஷமாக் கூப்பிட்டார் வரதா. ஒரு தடவை கூட நான் போகலை. இப்பவாவது நானே கொண்டுபோய் விடறேன். இதைத் தடுக்காதே."

அதற்கு மேல் நான் தடுப்பேனா? ஹொன்னேகட்டேயில் பாசன சங்கத்துத் தலைவர் கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தேன். அண்ணா சாவுக்கு மல்லேஸ்வரம் வந்து மூலையில் நின்று அழுதுவிட்டுப் போனவர். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். பிறகு மெதுவாக, கூட்டிக்கொண்டு வாங்க என்றார்.

க்ளென் காரில்தான் போனோம். மன்னி கலயத்தை வெள்ளைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். க்ளென் சாதாரணமாக வாய் ஓயாதவன். சில்க் போர்டு நெரிசலுக்கு யார் காரணம் என்பதில் ஆரம்பித்து உலகம் முழுக்கச் சுற்றி வருவான். அன்றைக்குச் சந்தாபுரம் தாண்டியும் பேசவில்லை. கண்ணாடியில் மன்னியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக வந்தான். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹொன்னேகட்டேக்கு மிக அருகில் வரைக்கும் அபார்ட்மெண்டுகள் வந்துவிட்டன. அதைத் தாண்டியதும் திடீரென்று பச்சை. மன்னி இறங்கி நின்று சுவரைப் பார்த்தாள். கறுத்த கற்கள், நடுவில் லேசாக உள்வாங்கிய வளைவு. கோடையில் தண்ணீர் சுருங்கிச் சுவரோரம் ஒரு மடுவாகத் தேங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த வண்டல். அதில் ஒரு ஜேசிபி மண்ணை வாரி டிராக்டர்களில் கொட்டிக்கொண்டிருந்தது. மன்னி சுவரில் கையை வைத்தாள். வெயிலில் கல் சுட்டிருக்க வேண்டும், ஆனால் கையை எடுக்கவில்லை. இதைத்தான் பார்க்கச் சொன்னாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோவிந்தப்பா ஓடி வந்து கும்பிட்டார். ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். தண்ணீருக்கு இறங்கும் படிகளைப் பெருக்கி மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். நம்ம சாருக்கு இல்லாத இடமா என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். படிக்குப் பக்கத்தில் இரும்புக் காலில் நிற்கும் போர்டின் மேல் கோணிச்சாக்கைப் போட்டு, கயிற்றால் கட்டி மூடியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. சரி, நல்ல மனசு, பெரிதுபடுத்தாமல் காரியத்தைப் பார்ப்போம் என்று மன்னியின் கையைப் பிடித்துப் படியில் இறக்கினேன்.

கடைசிப் படியில் மன்னி நின்றாள். முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தவள், பக்கத்தில் நின்ற கோவிந்தப்பாவைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் மனைவி மங்களம்மா இறந்த விஷயம் அண்ணா சொல்லி அவளுக்குத் தெரியும்.

"உங்க மங்களம்மாவையும் இங்கேதான் விட்டேளா?"

கோவிந்தப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இல்லம்மா. அவள காவேரிக்கு எடுத்துட்டுப் போனோம்."

"ஏன்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். மேலே நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பதில் வந்தது க்ளெனிடமிருந்து. அவன் எப்போது படியிறங்கி வந்தான் என்று நான் கவனிக்கவில்லை.

"ஆன்ட்டி, நான் சொல்லாம இருந்தா தப்பு. அன்னிக்கி சாரை நான்தான் கூட்டிட்டு வந்தேன். ரூல் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆச்சு. இவரு கலயத்தோட இந்தப் படியிலதான் நின்னாரு. சார் வேணாம்னுட்டாரு. இன்னிக்கி உனக்கு விட்டா நாளைக்கி நான் யாரையும் நிறுத்த முடியாது கோவிந்தப்பான்னாரு. இவரு ஒரு வார்த்தை பேசல. அப்படியே மேல ஏறிட்டாரு."

மன்னி குனிந்து கலயத்தைப் பார்த்தாள். ஜேசிபி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எனக்கும் தனக்குமாகப் பொதுவில் பேசினாள். ஒரு சனிக்கிழமை அவர் வந்து சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். உடம்பு சரியில்லையா என்று இவள் கேட்டதற்கு, ஒருத்தர் கேட்டதை இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன் என்றாராம். யாரோ காண்டிராக்டராக இருக்கும் என்று நினைத்து, அதற்காகச் சாப்பாட்டை ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கை அணைத்துவிட்டாளாம்.

"அது பழய கதைம்மா. சாரு சொன்னது நாயந்தான், எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் கோவிந்தப்பா. "ஆனா சாரு இல்லன்னா இந்தக் கட்டே ஏது? அவருக்காக ஒரே ஒரு தபா ரூலை மறந்தா ஒண்ணும் முழுகிடாது. ஊரே ஒத்துக்கிச்சு. விடுங்கம்மா."

அவர் மனசாரத்தான் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கலயத்தைத் திறந்தாயிற்று, இத்தனை தூரம் வந்தாயிற்று, கேட்க ஆளில்லை. விட்டுடுங்கோ மன்னி என்று நான் அவள் காதருகில் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன்.

மன்னி திரும்பி, ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். நேரே போர்டிடம் போனாள். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. சாக்கை மேல்பக்கமாக இழுத்து உருவினாள். கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருந்ததைப் படித்தாள். இரண்டும் அண்ணாவின் வாசகம், அதில் சந்தேகமில்லை; தயவுசெய்து என்று ஆரம்பித்து, யாராக இருந்தாலும் என்று முடியும்.

"நான் இதை இங்கே விட்டா, ஊருக்குத்தான் உபதேசம்னு ஆயிடும் வரதா" என்றாள். "அவர் பேர் கெட்டுப் போயிடும்."

கலயத்தின் வாயில் துணியை மறுபடி இழுத்து முடிந்தாள். முடிந்த பிறகுதான் அழுதாள். அண்ணா போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. போர்டின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு, எல்லார் எதிரிலும், வாய்விட்டு அழுதாள். அவர் ஆசைப்பட்ட இடத்தில் அவரைக் கொண்டுவந்து விடக்கூடத் தனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கலயத்தை வாங்கிக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் பாங்க் கவுண்டரில் சொல்கிற ரகம்.

கோவிந்தப்பா அணைக்குள் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார். ஜேசிபி நின்றது. டிராக்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சினை அணைத்தன. அந்த மௌனம் வந்ததும் ஊர்க்காரர்கள் தலையில் கட்டியிருந்த துண்டுகளை அவிழ்த்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அம்மா, சாருக்கு ஒரு கூடை இருக்கு" என்றார் கோவிந்தப்பா. "நாங்களே எடுக்கறதுன்னு பேசி வெச்சிருந்தோம். வீட்டாளு நீங்களே வந்திருக்கீங்க."

கூட்டத்தில் ஒரு பெரியவர், கேட்கலாமோ கூடாதோ என்று தயங்கியபடி, சாருக்கு இங்கே வயல் இல்லையே, மண்ணை எங்கே கொட்டுவது என்றார். கோவிந்தப்பா திரும்பிப் பார்க்காமலே, தன் வயலில் கொட்டட்டும் என்றார். பிறகு மன்னியிடம் சொன்னார். அன்றைக்குக் காவேரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் மங்களம்மாவுக்குக் கூடை எடுத்தார்களாம். அவரால் தூக்க முடியவில்லையாம். அண்ணாதான் சேற்றில் இறங்கி வந்து, கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தாராம்.

மன்னி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். உங்கள் முழங்காலோடு முடியாது, நான் சுமக்கிறேன் என்றேன். தம்பி என்ற முறையில் எனக்கும் பாத்தியதை உண்டுதானே? அவள் செருப்பைக் கழற்றிப் போர்டின் கீழே ஜோடியாக வைத்துவிட்டு நடந்தாள். மல்லேஸ்வரத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தங்கள் இதைப் பார்த்தால் இன்னும் ஒரு பத்து நாள் பேச விஷயம் இருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. பேசட்டும் என்றும் தோன்றியது.

மடுவோரத்து ஈர வண்டலை மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் போட்டார்கள். பாதி நிறைந்ததும் போதும் என்று நிறுத்தினார்கள். மன்னி குனிந்து பார்த்துவிட்டு, "முழுசாப் போடுங்கோ" என்றாள். போட்டார்கள். கோவிந்தப்பா தன் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி அவள் தலையில் வைத்தார். இன்னொருவரும் ஒரு கை கொடுக்க, கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மன்னியின் கழுத்து ஒரு கணம் இறங்கி மறுபடி நிமிர்ந்தது. பிறகு கோவிந்தப்பா வேகமாக முன்னால் ஏறிப்போய்க் கரைமேல் நின்றுகொண்டார்.

கரை அவ்வளவு உயரமில்லை. ஆனால் அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினாள். கூடையிலிருந்து சேற்று ஈரம் ஒழுகி நெற்றியில் வழிந்தது. க்ளென் பின்னாலேயே, தொடாமல், கைகளை விரித்துக்கொண்டு போனான். நான் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினேன். அண்ணாவையும் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறோம் என்று நினைத்தபோது என் கண்ணும் மறைத்தது.

கரையின் விளிம்புக்கு அவள் வந்ததும் கோவிந்தப்பா கேட்டார்.

"யாரு கூடை?"

மன்னி நின்றுவிட்டாள். எனக்கு அப்போதுதான் சுரீரென்றது. கூடைக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன், இது தோன்றவில்லையே. அவள் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. என் வாய் பாதி திறந்துவிட்டது. ஆனால் சுமக்கிறவர்தான் சொல்ல வேண்டும். இங்கே ஆதார் கார்டு செல்லாது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவளும் என்மேலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஊரே காத்துக்கொண்டிருந்தது, ஒருவரும் இருமக்கூட இல்லை. கோவிந்தப்பா அவசரப்படுத்தவில்லை. தழுதழுத்த குரலில், மறுபடியும் முறைப்படி கேட்டார்.

"யாரு கூடை?"

மன்னி இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற அந்தக் குரல் வந்தது.

"சீனிவாசராகவன்."

எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கோவிந்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துச்சு" என்றார். கரை நெடுக நின்றவர்களும் ஒவ்வொருவராக, வந்துச்சு, வந்துச்சு என்றார்கள்.

மதகுக்குக் கீழே கோவிந்தப்பாவின் வயலில் மண்ணைக் கொட்டினோம். அவர் அதைக் காலால் பரப்பிவிட்டார். ஜேசிபி மறுபடி கிளம்பிற்று. ஒரு வீட்டில் கைகால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். மன்னி கழுவிக்கொண்டாள், நெற்றியில் காய்ந்த வண்டலை மட்டும் மறந்துவிட்டாள். நானும் சொல்லவில்லை. கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் பச்சிமவாஹினிக்குப் போகலாம், வாத்தியாருக்குச் சொல்லிவிடு என்றாள்.

ஆனேக்கல் வரும்வரை மன்னி ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கார் நின்றபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்ல பேர், இல்லையா வரதா?"

ஆமாம் மன்னி என்றேன்.